தெருக்குழாயிலிருந்து தொடங்கலாம்: மாணவர் குழுவின் முதல் கள ஆய்வு

"இந்த வருஷம் அறிவியல் மாநாட்டுக்கு நம்ம பள்ளியிலிருந்து ஒரு குழு போகணும். நீங்க பார்த்துக்கங்க டீச்சர்." தலைமையாசிரியர் இப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகு, கையில் சுற்றறிக்கையோடு நிற்கும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். பாடம் நடத்தத் தெரியும், பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்யத் தெரியும். ஆனால் அவர்களை வகுப்பறையை விட்டு வெளியே கூட்டிப்போய், ஊரில் ஒரு பிரச்சினையைப் பார்க்க வைத்து, அளக்க வைத்து, அப்புறம் நாலு பேர் முன்னால் நின்று பேச வைப்பது எப்படி என்று பி.எட். வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல ஆண்டுகள் பிள்ளைகளோடு தெருத் தெருவாக நடந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கண்காட்சிக்கு மாதிரி செய்வது வேறு, செயல்திட்டம் வேறு. தெர்மாகோலில் காற்றாலை செய்து, சின்ன மோட்டார் வைத்துச் சுற்றவிட்டால் அது மாதிரி. காற்றாலை எப்படி மின்சாரம் தருகிறது என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளை அதை அழகாகச் செய்து காட்டுகிறது. செயல்திட்டத்தில் கேட்கும் கேள்விக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எங்கள் ஊரில் மூன்று தெருவில் எத்தனை குழாய் ஒழுகுகிறது? கூகுளில் தேடினால் கிடைக்காது. ஆசிரியருக்கும் தெரியாது. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் "நாலஞ்சு இருக்கும்" என்பார்கள். அந்த விடையை ஊரிலேயே முதன்முதலாகத் தெரிந்துகொள்ளப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர். செயல்திட்டம் என்பது இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், எப்போது கைகொடுக்க வேண்டும், எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது வழிகாட்டி ஆசிரியருக்குத் தானாகவே பிடிபடும்.

இந்த வகை வேலைக்கு நம் நாட்டில் நன்றாக வேர்விட்ட மேடை தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு 1993 முதல் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கும் இடம் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகளாக ஊர் ஊராக எடுத்துச் சென்றது 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். இரண்டு ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் தருவார்கள். 2004-05இல் நீர்வளம், 2012-13இல் ஆற்றல், 2014-15இல் வானிலையும் காலநிலையும், 2022-23இல் சூழலமைப்பும் நல்வாழ்வும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படி. முன்பெல்லாம் ஒரு குழுவில் ஐந்து பேர் வரை இருந்தார்கள், பின்னாளில் அதை இரண்டு பேராகச் சுருக்கினார்கள். விதிகள் மாறிக்கொண்டிருக்கும் என்பதால் அந்தந்த ஆண்டுக் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் பார்க்கிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வதோடு ஒரு சிறிய ஆய்வையும் சேர்த்துக்கொண்டால், முகாம் முடிந்த பிறகும் அந்த ஊருக்கு ஏதோ ஒன்று மிஞ்சும்.

கேள்வியைச் சின்னதாக்குவது

பிள்ளைகளிடம் "என்ன செய்யலாம்?" என்று கேட்டுப்பாருங்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு, புவி வெப்பமயமாதல், நீர் மேலாண்மை என்று வரிசையாக வரும். குறை அவர்கள்மேல் இல்லை. கட்டுரைப் போட்டியில் அவர்களுக்கு நாம் கொடுத்த தலைப்புகள்தான் திரும்பி வருகின்றன. ஆனால் இவை எல்லாம் தலைப்புகள். இவற்றில் கேள்வி எதுவும் இல்லை. தலைப்பை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதலாம், அளக்க முடியாது.

நான் முதல் நாள் நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை போய், வேறு வழியாகத் திரும்பி வருவோம். ஒரு மணி நேரம். திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: வழியில் என்ன பார்த்தீர்கள், எது உறுத்தியது? முதல் ஆள் "குப்பை" என்பான். எங்கே, என்ன குப்பை, யார் போட்டது என்று கேட்டால் அடுத்த நாள் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வருவான். இரண்டாவது நடையில்தான் கண் திறக்கும். ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், ரேஷன் கடைக்கிட்ட இருக்கிற குழாயை யாரோ துணி வச்சுக் கட்டியிருக்காங்க" என்று சொன்னால், உங்கள் ஆய்வு அந்தத் துணியிலிருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கேள்வி வந்தாலும் அதை மூன்று விதமாகச் சோதிப்பேன். நடந்து போய்ப் பார்க்க முடியுமா? எண்ணவோ அளக்கவோ முடியுமா? விடை தெரிந்தால் ஊரில் யாருக்காவது ஏதாவது மாறுமா? "பிளாஸ்டிக் ஒழிப்பு" முதல் சோதனையிலேயே நின்றுவிடும். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14க்குத் தடை இருக்கிறது. "அந்தப் பதினான்கில் எவையெவை இன்னும் எங்கள் கடைவீதியில் புழங்குகின்றன? டீக்கடையில் பார்சல் டீ எதில் தருகிறார்கள்?" என்று கேட்டால் அது மூன்று சோதனையையும் தாண்டிவிடும். "நீர் மேலாண்மை" என்ற பெரிய தலைப்பும் இப்படித்தான் சுருங்கிச் சுருங்கி, "எங்கள் மூன்று தெருவில் ஒழுகும் பொதுக்குழாய்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது?" என்று ஆகும். கேள்வி இவ்வளவு சின்னதாக இருந்தால் பரிசு கிடைக்குமா என்று ஆசிரியர்கள் பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம். மதிப்பீட்டாளராக உட்கார்ந்தவர்கள் உலகத்தைக் காப்பாற்றும் திட்டங்களைக் காலையிலிருந்து கேட்டுச் சலித்திருப்பார்கள். பதினேழு குழாயைப் பற்றி முழுதாகத் தெரிந்த பிள்ளை வந்து நின்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி இந்தக் குழாய்க் கேள்வியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

கோலப்பொடியில் ஒரு வரைபடம்

அளக்கத் தொடங்கும் முன்னால் ஊரை வரைய வேண்டும். ஏ4 தாளில் அல்ல, தரையில். கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ தண்ணீர் தெளித்து, தெருக்களைக் கோலப்பொடியால் இழுத்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு செங்கல், குழாய்க்குப் புளியங்கொட்டை, கிணற்றுக்குக் கொட்டாங்குச்சி, ஓடைக்குச் செங்கல் தூள் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஊர் தரையில் வந்துவிடும். கிராமங்களில் மக்கள் பங்கேற்போடு ஆய்வு செய்கிறவர்கள் இதைச் சமூக வரைபடம் என்பார்கள். 1990களிலிருந்து நம் ஊர்ப்பக்கம் தொண்டு நிறுவனங்கள் இதைச் செய்துவருகின்றன.

தரையில் வரைவதில் ஒரு பெரிய வசதி உண்டு. தாளில் வரைந்தால் வரைகிற பிள்ளை மட்டும்தான் பார்க்கும். தரையில் வரைந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள், பார்த்தவர்கள் சும்மா போக மாட்டார்கள். "இல்ல கண்ணு, அந்தக் குழாய் இந்தப் பக்கம். அது வேணு வீட்டுக்கு எதிர்ல இல்ல, பின்னாடி" என்று ஒரு அம்மா குனிந்து புளியங்கொட்டையை நகர்த்தி வைப்பார். இன்னொருவர், "மேட்டுத் தெருவுக்குத் தண்ணியே ஏறாது. அங்க குழாய் இருந்து என்ன?" என்பார். பிள்ளைகள் ஒழுகுகிற குழாயைத் தேடி வந்தவர்கள். இப்போது தண்ணீரே வராத குழாய் என்று இரண்டாவது ஒரு வகை இருப்பது தெரிந்துவிட்டது. பள்ளத் தெருவில் ஒழுகுவதற்கும் மேட்டுத் தெருவில் வராததற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டால், அன்றைக்கு ஆசிரியருக்கு நல்ல நாள்.

வரைபடத்தின் பலத்துக்குப் பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்லும் கதை லண்டனில் நடந்தது. 1854இல் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று விசாரித்துக் கணக்கெடுத்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றித்தான் இறப்புகள் கூடியிருந்தன. காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலானோர் நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் எடுத்துச் சொன்னதால் செப்டம்பர் 8 அன்று அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலரா ஏற்கெனவே தணிந்துகொண்டிருந்த நேரம் அது. கைப்பிடியைக் கழற்றியதால் மட்டும் நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் தண்ணீர் வழியாகப் பரவியிருக்கிறது என்று அவர் வரைந்த வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒரு தெருக்குழாய், கணக்கு வைத்துக்கொண்ட ஒரு மனிதர். நம் பிள்ளைகள் செய்யப்போவதும் இதே வகை வேலை என்று சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

குறிப்பேடு

என்னைக் கேட்டால் செயல்திட்டத்தின் உயிர் குறிப்பேட்டில் இருக்கிறது. அறிக்கையை அழகாக டைப் செய்து பைண்ட் போட்டுவிடலாம், சார்ட்டை யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்கிவிடலாம். களக் குறிப்பேட்டை மட்டும் பின்னால் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. தயாரித்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்: எல்லாப் பக்கமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. உண்மையான குறிப்பேடு ஓரம் மடங்கியிருக்கும், ஏதாவது ஒரு பக்கத்தில் தண்ணீர் பட்டிருக்கும்.

பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், நனைந்தாலும் அழியாது. தவறாக எழுதியதை ரப்பரால் அழிக்க வேண்டாம், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினால் போதும். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி, நேரம், இடம், அளந்தவர் பெயர். எண்ணும்போது நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடும் பழைய முறையே நல்லது. ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்:

"குழாய் எண் 7. காளியம்மன் கோயில் எதிரில். காலை 6.10. ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப ஆன நேரம்: 4 நிமிடம் 50 வினாடி, 5 நிமிடம் 5 வினாடி, 5 நிமிடம் 5 வினாடி. சராசரி 5 நிமிடம். திருகை முழுதாக மூடியும் நிற்கவில்லை. எதிர் வீட்டு ஆயா சொன்னது: தீபாவளியிலிருந்து இப்படித்தான்."

இவ்வளவுதான். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். மூன்று முறை அளப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள், விடை வேறாக வருவதை அவர்களே பார்ப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆட்களிடம் பேசுவதற்கும் பழக்கம் வேண்டும். காலையில் சமையல் நேரத்தில் போய்க் கதவைத் தட்டக் கூடாது. போனதும் "வணக்கம்க்கா, நாங்க மேலத்தெரு பள்ளிக்கூடத்துல ஏழாவது படிக்கிறோம், குழாய்த் தண்ணி பத்திக் கணக்கெடுக்கிறோம், ரெண்டு கேள்வி கேட்கலாமா?" என்று யார், எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீடு. "தண்ணீரை வீணாக்குவீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. "காலையில எத்தனை குடம் பிடிப்பீங்க? எந்த நேரத்துல தண்ணி வரும்?" என்று கேட்டால் உண்மை வரும். சாதி, வருமானம் பற்றிய கேள்வி எதுவும் வேண்டாம். போட்டோ எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். இரண்டிரண்டு பேராக, பெரியவர் ஒருவரோடு போக வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஏறுவது, கிணற்று விளிம்பில் நின்று எட்டிப்பார்ப்பது இரண்டுக்கும் என்ன காரணம் சொன்னாலும் அனுமதி கிடையாது.

வேலையைப் பிரிப்பது பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விட்டுவிட்டால், நன்றாகப் பேசுகிற பிள்ளை மேடையை எடுத்துக்கொள்ளும், கையெழுத்து நன்றாக இருக்கிற பெண் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சார்ட் எழுதும், பையன்கள் வெளியே போய் அளந்துவிட்டு வருவார்கள். பல பள்ளிகளில் இதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள். பாட்டில் பிடித்தவர் அடுத்த வாரம் எழுதட்டும், எழுதியவர் ஆட்களிடம் பேசட்டும். இப்படிச் சுற்றி வந்த குழுவில் மேடையில் யாரிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வரும். காலாண்டுத் தேர்வு வாரத்தை விட்டுவிட்டு ஐந்து அல்லது ஆறு வாரத்துக்கு ஒரு நாட்காட்டி போட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டால் திட்டமிடல் முடிந்தது.

இருபத்துநாலு மணி நேரத் தவறு

இப்போது கணக்கு. மூன்று தெருவில் 17 குழாய் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கூட்டினால் மொத்தம் 140 லிட்டர் வருகிறது. பிள்ளைகள் உடனே 24ஆல் பெருக்குவார்கள். ஒரு நாளைக்கு 3,360 லிட்டர்! ஒரு ஆண்டுக்குப் பெருக்கினால் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டும். பெரிய எண்ணைப் பார்த்ததும் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அதை அப்படியே சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதத் தயாராகிவிடுவார்கள்.

இங்கேதான் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நம்ம ஊர்ல தண்ணி எப்ப விடுவாங்க?" காலை ஐந்தரைக்கு விட்டு எட்டு மணிக்கு நிறுத்திவிடுவார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். குடம் தூக்குவதே அவர்கள்தான். வீட்டில் தெரிந்த விஷயம் நோட்டில் கணக்குப் போடும்போது மறந்துபோகிறது. இரண்டரை மணி நேரத்துக்கு 140 லிட்டர் வீதம் 350 லிட்டர். அதுதான் உண்மையான எண். 3,360 எங்கே, 350 எங்கே? பிள்ளைகள் முகம் வாடும். "டீச்சர், இது ரொம்பக் கம்மியா இருக்கே" என்பார்கள்.

அப்போது குடத்தில் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு குடத்துக்கு ஏறக்குறைய 15 லிட்டர் என்றால் 350 லிட்டர் என்பது 23 குடம். மேட்டுத் தெருவில் தண்ணீர் வராமல், காலையில் மூன்று குடத்துக்காகப் பள்ளத் தெருவுக்கு இறங்கி வருகிற வீடு எத்தனை? ஏழு வீட்டுக்குப் போதுமான தண்ணீர் சாக்கடையில் போகிறது. இப்படிச் சொன்னால் ஊரில் யாருக்கும் சட்டென்று உறைக்கும். பெரிய எண்ணைவிட உண்மையான சின்ன எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பதை நான் எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாது. இந்த ஒரு கணக்கைத் தாங்களே திருத்தியவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லாக் குழாய்க்கும் இதே நேரம் பொருந்தாது. சின்டெக்ஸ் தொட்டியோடு இணைந்த குழாய் தொட்டி காலியாகும் வரை ஒழுகும். அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னால், அறிக்கையில் அதற்குத் தனிப் பத்தி கொடுங்கள்.

அடுத்து, தீர்வு. அறிக்கைகளில் "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று முடிக்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். குழாய் ஒழுகுவது விழிப்புணர்வு இல்லாததால் அல்ல, வாசர் தேய்ந்ததால். தண்ணீர் விடும் டேங்க் ஆபரேட்டர் அண்ணனைக் கேட்டால் எந்தக் குழாய்க்கு வாசர் போதும், எதற்குக் குழாயையே மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொல்வார். அவரையே கூட்டிவந்து ஒரு குழாய்க்கு மட்டும் வாசர் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் முன் அளந்தது 5 நிமிடத்துக்கு ஒரு லிட்டர். மாற்றிய மறுநாள், அதன் பிறகு ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். முன்னும் பின்னும் அளந்த ஒரு குழாய், முழக்கம் எழுதிய நூறு சார்ட்டைவிட வலுவான சான்று.

மேடையில்

நான் முதன்முதலில் வழிகாட்டிய ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அறிக்கையை நானே எழுதினேன். நல்ல தமிழில், அழகாக எழுதினேன். பிள்ளைகள் ஒரு வரி பிசகாமல் மனப்பாடம் செய்தார்கள். மாவட்ட மாநாட்டில் அந்தப் பெண் நிறுத்தாமல் பேசி முடித்தாள். மதிப்பீட்டாளர் மிகவும் அன்பாக, "இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிச்சீங்கம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டார். அவள் திரும்பி, கடைசி வரிசையில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்குத் தெரியாதது அவள் தவறு இல்லை. அந்த எண்ணைக் கண்டுபிடித்தது நான். அதற்குப் பிறகு எந்தக் குழுவின் அறிக்கையிலும் நான் ஒரு வாக்கியம்கூட எழுதியதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் அடிக்கோடு போட்டுக் கொடுப்பேன், அவர்களே திருத்துவார்கள்.

மேடையில் பேசக் கிடைப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவுதான். அதில் "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி, ஒரு குறள் சொல்லி, தண்ணீரின் பெருமை சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். குறளின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் நான் நேராகக் குழாய் எண் 7இல் தொடங்கச் சொல்வேன். "எங்க ஊர்க் காளியம்மன் கோயிலுக்கு எதிரில் ஒரு குழாய் இருக்கு. அதைத் தீபாவளியிலிருந்து யாராலும் மூட முடியலை." இப்படித் தொடங்கினால் அரங்கில் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். அப்புறம் என்ன கேட்டோம், எப்படி அளந்தோம், என்ன கிடைத்தது, எங்கே தவறினோம், என்ன செய்து பார்த்தோம். 24ஆல் பெருக்கிய தவறைக்கூட மறைக்க வேண்டாம். அதைத் திருத்திய கதையைச் சொல்லும்போதுதான் இது பிள்ளைகள் செய்த வேலை என்று கேட்பவர்களுக்குத் தெரியும்.

சார்ட் மூன்று நான்கு போதும். ஒன்றில் வரைபடம், ஒன்றில் அட்டவணை, ஒன்றில் முன்னும் பின்னும் அளந்த கணக்கு. எழுத்து கடைசி பெஞ்சிலிருந்து தெரிய வேண்டும்; ஒரு பிள்ளையைப் போய் உட்காரச் சொல்லிப் படிக்க வைத்தால் தெரிந்துவிடும். பேசும்போது சார்ட்டைப் பார்த்து வாசிக்கக் கூடாது, கையில் குறிப்பேடு மட்டும் இருக்கட்டும்.

ஒத்திகையை ஆசிரியர் அறையில் வைக்காதீர்கள். முதலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் பேசட்டும். புரியாவிட்டால் அவர்கள் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளத் தொடங்கிவிடுவார்கள். அதைவிடத் தெளிவான மதிப்பெண் கிடையாது. அப்புறம் சத்துணவு சமைக்கும் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் தினமும் குழாயடியில் நிற்பவர். "மோட்டார் ரிப்பேர் ஆன நாளை என்ன பண்ணீங்க? அன்னைக்குத் தண்ணியே வரலையே" என்று கேட்பார். மாநில மாநாட்டில்கூட அவ்வளவு கூர்மையான கேள்வி வராது.

கேள்வி நேரத்துக்குத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். நாங்கள் ஒரு மதிய இடைவேளை முழுக்கக் கடினமான கேள்விகளாகவே கேட்போம். ஏன் மூன்று தெரு மட்டும்? மழை பெய்த நாளில் அளந்தீர்களா? குழாய் எண் 3ஐ ஏன் ஒருமுறைதான் அளந்தீர்கள்? ஒரு பதிலை மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் பழக்கிவிடுவேன்: "தெரியலைங்க சார், நாங்க அதை அளக்கலை. அளக்கணும்னா இப்படிச் செய்வோம்." தெரியாது என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குப் பயம். வகுப்பில் தெரியாது என்றால் திட்டு விழும் என்று பழகிவிட்டார்கள். அந்தப் பயம் போக வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையை எல்லாப் பள்ளியிலும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். பரிசு அப்புறம்தான்.

ஊருக்குத் திருப்பிச் சொல்வது

மாவட்ட மாநாடு முடிந்ததும் சார்ட்டைச் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிடுவோம். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன ஊருக்கு, என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்வதே இல்லை. எதிர் வீட்டு ஆயாவுக்கு அந்தக் கணக்கு தெரியவே தெரியாது. இது சரியில்லை.

அதற்கு ஏற்ற மேடை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, கிராம சபை. தமிழ்நாட்டில் முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள் கூட்டுவார்கள். 2022இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறாயின. வாக்காளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை என்பதால் பெற்றோர் கையெழுத்தோடு மனுவாகக் கொடுப்பது நல்லது. ஊராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினரையும் முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிட்டால், பிள்ளைகளையே ஐந்து நிமிடம் பேச விடுவார்கள். அங்கே லிட்டர் வேண்டாம், குடத்திலேயே சொல்லட்டும். மனுவில் "குழாய்களைச் சரிசெய்ய வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், குழாய் எண், இடம், என்ன பழுது, வாசரா புதுக் குழாயா என்று ஒரு பட்டியலாக இணைக்க வேண்டும். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பிளம்பர் நேராக வேலைக்குப் போக முடிய வேண்டும். குறை சொல்கிற தொனியும் வேண்டாம். டேங்க் ஆபரேட்டர் அண்ணன் உதவியதைப் பெயர் சொல்லி நன்றி சொல்லிவிட்டுத் தொடங்கினால், அங்கே இருக்கிற எல்லாரும் பிள்ளைகள் பக்கம்தான்.

அப்புறம் ஒரு மாதம் விட்டு, அதே பாட்டிலை எடுத்துக்கொண்டு அதே மூன்று தெருவில் மறுபடி நடக்க வேண்டும். இந்த முறை அடுத்த ஆண்டுக்குப் போகப்போகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பழைய குறிப்பேட்டில் கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, புதுப் பிள்ளைகள் கையெழுத்தில்:

"குழாய் எண் 7. காலை 6.05. ஒழுகவில்லை. குழாய் எண் 12. காலை 6.20. புதிதாக ஒழுகுகிறது. ஒரு லிட்டருக்கு 9 நிமிடம் 20 வினாடி. இன்னும் இரண்டு முறை அளக்க வேண்டும்."